மெய்யியல் வாசிப்பு வட்டம்: எந்த நூலில் தொடங்குவது, எப்படி வாசிப்பது?

செந்தூல்_வாசகர்

வணக்கம். கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் மாதம் இருமுறை கூடும் ஒரு வாசிப்பு வட்டம் தொடங்கவிருக்கிறது. ஞாயிறு காலை, ஒன்றரை மணி நேரம், பத்துப் பேர். நால்வருக்கு ஆங்கிலம் சரளம். மூவருக்குத் தமிழ் மட்டுமே கைவரும். மற்ற மூவர் இரண்டுக்கும் இடையில். யாரும் மெய்யியலைப் பாடமாகப் படித்ததில்லை.

முன்மொழிந்த நூல்கள் மூன்று: வில் டியூரண்டின் ‘தி ஸ்டோரி ஆஃப் ஃபிலாசஃபி’, யொஸ்டைன் கார்டெரின் ‘சோஃபியின் உலகம்’, ரோமப் பேரரசர் மார்க்கஸ் ஆரேலியஸின் ‘மெடிடேஷன்ஸ்’. வெறும் பெயர்ப் பட்டியல் வேண்டாம். எந்த அத்தியாயத்தில் தொடங்குவது, ஓர் அமர்வுக்கு எத்தனை பக்கம், எந்த இடத்தில் ஆட்கள் கழன்றுகொள்வார்கள், ஏன் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள். ஆறு மாதத்துக்குத் திட்டம் வேண்டும்.

ஏடு_புரட்டி

வணக்கம் ஐயா. மூன்றும் மூன்று வகை. டியூரண்ட் மெய்யியலாளர்களின் வரலாற்றைச் சொல்கிறார். கார்டெர் அதே வரலாற்றை நாவலுக்குள் வைக்கிறார். மார்க்கஸ் பொதுவாசகருக்கு எழுதவே இல்லை. தனக்குத் தானே கிரேக்க மொழியில் எழுதி வைத்த குறிப்புகள் அவை. ஒரே அளவுகோலால் மூன்றையும் ஒப்பிட்டால் குழப்பம்தான் மிஞ்சும்.

டியூரண்ட் நூல் 1926இல் வந்தது. அதற்கு முன்பு மலிவு விலைச் சிறு வெளியீடுகளாக வந்த கட்டுரைகளே நூலாயின. அதனால் ஒவ்வோர் அத்தியாயமும் தனித்து நிற்கும். ஸ்பினோசாவை முதலில் வாசித்துவிட்டுப் பிளேட்டோவுக்குத் திரும்பினாலும் குடி முழுகாது. நடை அருமை. ஆனால் மேடுபள்ளம் பெரிது. அரிஸ்டாட்டில் முடிந்ததும் பிரான்சிஸ் பேக்கனுக்குப் போய்விடுகிறார். இடையில் கிடக்கும் ஏறத்தாழ 1900 ஆண்டுகள் சில பக்கங்களில் ஓடி மறைகின்றன. டெக்கார்ட்டுக்கும் ஹியூமுக்கும் தனி அத்தியாயம் கிடையாது. காரணமும் காரியமும் கட்டாயம் இணைந்தவை என்று எப்படி அறிகிறோம் என்று ஹியூம் எழுப்பிய ஐயம் தெரியாமல் காண்ட் எதற்காக அவ்வளவு பெரிய கட்டடத்தை எழுப்பினார் என்பது விளங்காது. டியூரண்ட் ஹியூமைக் காண்ட் அத்தியாயத்தின் முகப்பிலேயே சுருக்கமாகச் சொல்லிவிட்டு நகர்கிறார். உங்கள் வட்டம் தடுக்கி விழப்போகும் இடம் அதுதான். அந்த அமர்வுக்கு முன்னால் ஹியூமின் காரண காரிய வாதத்தை மட்டும் வேறோர் அறிமுக நூலிலிருந்து நான்கு பக்கம் வாசித்துவிடுங்கள்.

இன்னோர் எச்சரிக்கை. ‘நாம் திரும்பத் திரும்ப எதைச் செய்கிறோமோ அதுவே நாம், ஆகவே சிறப்பு என்பது ஒரு செயல் அன்று, ஒரு பழக்கம்’ என்று அரிஸ்டாட்டில் பெயர் போட்டு ஒரு வரி புலனத்திலும் (வாட்ஸ்அப்) அலுவலகச் சுவரிலும் பார்த்திருப்பீர்கள். அது அரிஸ்டாட்டில் எழுதியதன்று. ‘நிகோமாக்கிய அறவியல்’ சொல்லும் கருத்தைச் சுருக்கி டியூரண்ட் இந்த நூலில் எழுதிய வாக்கியம். கருத்து ஓரளவு சரிதான், ஆனால் குரல் டியூரண்டுடையது. வரலாற்று வகை நூல்களின் அடிப்படைச் சிக்கலே இது. யார் பேசுகிறார் என்பது மங்கிவிடும். அவர் மேற்கோள் குறிக்குள் வைத்திருக்கும் வரிகளுக்கு ஒரு நிறம், அவருடைய சுருக்கத்துக்கு வேறு நிறம் என்று பென்சிலால் பிரித்துக்கொண்டு வாசியுங்கள்.

பினாங்கு_வடம்

ஏடு_புரட்டி சொன்ன குறைகள் உண்மை. இருந்தாலும் கதை என்ற கயிறு இல்லாமல் பத்துப் பேரை ஆறு மாதம் சேர்த்து வைக்க முடியாது. அந்த வேலைக்குச் ‘சோஃபியின் உலகம்’ பொருத்தம். நார்வேஜிய மொழியில் 1991இல் வந்தது; ஆர். சிவகுமார் தமிழில் மொழிபெயர்த்திருக்கிறார், காலச்சுவடு வெளியீடு. தமிழ் மட்டும் வாசிக்கும் மூவரும் மற்றவர்களோடு ஒரே நாளில் ஒரே பகுதியை முடிக்க முடிவது சிறிய விஷயமில்லை.

ஆங்கிலப் பதிப்பு ஏறத்தாழ 500 பக்கம். அமர்வுக்கு 40 பக்கம் என்று வைத்தால் உங்கள் ஆறு மாதமும் அதற்கே போய்விடும். அதனால் கதைப் பகுதியை வீட்டில் வாசிக்கச் சொல்லி, கதை நாயகி சோஃபிக்கு வரும் பாடக் கடிதங்களை மட்டும் கூட்டத்துக்கு எடுங்கள். நூலின் நடுவில் கதை ஒரு பெரிய திருப்பம் எடுக்கும். என்ன என்று சொல்ல மாட்டேன். பாடத்துக்காக வாசிப்பவர்கள் அங்கே எரிச்சலடைவார்கள், கதைக்காக வாசிப்பவர்கள் அங்கிருந்து கடிதங்களைத் தாவத் தொடங்குவார்கள். அந்தத் திருப்பத்துக்கு முந்தைய பகுதி பார்க்லி பற்றியது. திருப்பமே பார்க்லியின் வாதத்தின் மீதுதான் நிற்கிறது. இருப்பது என்றால் யாரோ ஒருவர் மனத்தில் இருப்பது என்ற அந்த வாதத்தைப் பிடிக்காமல் மேலே போனால் மிச்சக் கதை வெறும் விநோதமாகத் தெரியும். அங்கே ஓர் அமர்வு கூடுதலாக ஒதுக்குங்கள்.

நீட்சேவுக்கு அந்த நூலில் இடம் மிகக் குறைவு. இந்திய மரபு போகிற போக்கில் தொட்டதோடு சரி.

அளவைக்காரன்

இரண்டையுமே முதல் நூலாக வைக்க வேண்டாம் என்பது என் கருத்து. டியூரண்டையோ கார்டெரையோ முடித்த ஒருவரிடம் ‘காண்ட் என்ன சொன்னார்?’ என்று கேளுங்கள், பதில் வரும். ‘ஏன் அப்படிச் சொன்னார்? அது சரியா?’ என்று கேளுங்கள், வராது. முடிவுகள் நினைவில் நிற்கின்றன, முடிவுக்குப் போன வழி நிற்பதில்லை. வழி இல்லாத முடிவு பொன்மொழியாகிவிடும்.

வழியைக் கற்றுக்கொள்ளச் சின்ன நூல் போதும். தாமஸ் நேகல் 1987இல் எழுதிய ‘வாட் டஸ் இட் ஆல் மீன்?’ நூறு பக்கம் அளவுதான். ஒன்பது கேள்விகள்: எதையாவது நமக்குத் தெரியுமா, பிறர் மனம், உள்ளமும் உடலும், சொற்களின் பொருள், சுதந்திரமான தெரிவு, சரியும் தவறும், நீதி, மரணம், வாழ்வின் பொருள். மெய்யியலாளர் பெயர்களை அடுக்கி மிரட்டுவதில்லை. கேள்வியைப் போட்டு, ஒரு பதிலைச் சொல்லி, அதை உடைத்து, அடுத்த பதிலுக்குப் போகிறார்.

அமர்வை இப்படி நடத்தலாம். வீட்டில் பத்துப் பன்னிரண்டு பக்கம், அதற்கு மேல் வேண்டாம். ஒவ்வொருவரும் ஒரு ஏ4 தாளில் ஆசிரியரின் முடிவை ஒரே வாக்கியத்தில் எழுதி, கீழே அதற்கான நியாயங்களை எண் போட்டு எழுதி வர வேண்டும். கூடியதும் முதல் 20 நிமிடம் முடிவு வாக்கியத்துக்கு மட்டும். ‘ஆசிரியர் சொல்வது இதுதான்’ என்று பத்துப் பேரும் ஒத்துக்கொள்ளும்வரை அது சரியா தவறா என்ற பேச்சை எடுக்கக் கூடாது. அடுத்த 30 நிமிடம் நியாயங்கள். பிறகு 30 நிமிடம் எதிர்வாதம். கடைசி 10 நிமிடத்தில் எந்த எண்ணிட்ட நியாயம் மிகப் பலவீனமானது என்று ஒவ்வொருவரும் ஒரு வரியில் சொல்லி முடிக்க வேண்டும்.

எங்கே கெட்டுப்போகும் என்றால், பெரும்பாலும் முதல் 20 நிமிடத்தில்தான். நல்ல எழுத்தாளர் எதிர்த்தரப்பை முழு வலுவோடு ஒரு பக்கம் எழுதிவிட்டுப் பிறகு மறுப்பார். அவசரமாக வாசித்தவர் அந்த எதிர்த்தரப்புப் பக்கத்தையே ஆசிரியரின் முடிவாக எழுதிக்கொண்டு வந்துவிடுவார். ‘ஆனால்’, ‘எனினும்’, ‘இதற்குச் சிலர்’ என்று தொடங்கும் பத்திகளை வட்டமிட்டு வரச் சொன்னால் இந்தப் பிழை பாதியாகக் குறையும்.

கெப்போங்_நிலா

நேகல் எனக்கும் சம்மதம். ஆனால் தமிழில் பேசும் வட்டத்துக்கு வேறொரு பள்ளம் இருக்கிறது: சொற்கள். வாதம் புரிந்த பிறகும் சொல் காலை வாரிவிடும். முதல் அமர்விலேயே ஒரு சொற்பட்டியல் போட்டுச் சுவரில் ஒட்டுங்கள்.

முதலில் ‘தத்துவம்’. இங்கே சைவ சித்தாந்த வகுப்புக்குப் போனவர்களுக்குத் தத்துவம் என்றால் உலகையும் உயிரின் கருவிகளையும் வகுக்கும் 36 கூறுகள்: ஆன்ம தத்துவம் 24, வித்தியா தத்துவம் 7, சிவ தத்துவம் 5. ‘மேலைத் தத்துவம்’ என்றதும் அவர்கள் எதிர்பார்ப்பது அதுபோன்ற ஓர் அட்டவணையை. அதனால் துறைக்கு ‘மெய்யியல்’ என்ற சொல்லையே வைத்துக்கொள்வது நல்லது.

அடுத்தது ‘மனம்’. நேகலின் உள்ளமும் உடலும் என்ற அத்தியாயத்தைத் தமிழில் பேசும்போது இது கட்டாயம் வெடிக்கும். டெக்கார்ட்டுக்குச் சிந்திப்பது ஆன்மாவின் இயல்பு; கோடு சிந்திக்கும் பொருளுக்கும் இடத்தை அடைக்கும் உடலுக்கும் நடுவே விழுகிறது. சித்தாந்தத்தில் மனம், புத்தி, அகங்காரம், சித்தம் நான்கும் அந்தக்கரணங்கள், அதாவது உட்கருவிகள். மாயையிலிருந்து வந்த சடம். கோடு உயிருக்கும் இந்தக் கருவிகளுக்கும் நடுவே விழுகிறது. அதாவது ‘மனம் வேறு, உடல் வேறு’ என்று மேலை நூலில் வாசிக்கும் தமிழ் வாசகர் ‘ஆமாம், நம்மவரும் சொன்னதுதானே’ என்று தலையாட்டினால், இருவரும் வேறு வேறு இடத்தில் கோடு போட்டிருப்பதைத் தவறவிடுகிறார். கோடு எங்கே விழுகிறது என்று பலகையில் இரண்டு படமாக வரைந்து காட்டுங்கள். அது ஒன்றே ஓர் அமர்வுக்குப் போதுமான விஷயம்.

மூன்றாவது ‘பொருள்’. சடப்பொருளும் பொருள்தான், சொல்லின் அர்த்தமும் பொருள்தான், செல்வமும் பொருள்தான். ஸ்பினோசா, உள்ளது ஒரே பொருள், அதுவே கடவுள், அதுவே இயற்கை என்கிறார் என்று தமிழில் வாசிப்பவர் அவரைச் சடவாதி என்று எடுத்துக்கொள்வது இயல்பு. அவர் சொல்வது வேறெதையும் சாராமல் தானே நிற்பது எதுவோ அதைப் பற்றி. எனவே ஒன்றுக்கு ‘சடப்பொருள்’, மற்றதற்கு ‘தானே நிற்கும் பொருள்’ என்று நீட்டிச் சொன்னாலும் பரவாயில்லை. பிளேட்டோவில் வருவதைக் ‘கருத்து’ என்று மொழிபெயர்க்கவே வேண்டாம். கருத்து என்றால் ஒருவர் தலைக்குள் இருப்பது. அவர் சொல்வது யார் தலையிலும் இல்லாமலே இருப்பது. ‘வடிவம்’ மேல்.

எல்லாவற்றிலும் ஆபத்தானது ‘காரணம்’. கண்ணாடி உடைந்ததற்குக் காரணம் கல். அவர் குற்றவாளி என்று நான் நினைக்கக் காரணம் சாட்சி. முன்னது நிகழ்ச்சியை உண்டாக்குவது, பின்னது நம்பிக்கையைத் தாங்குவது. முன்னதற்குக் ‘காரணம்’, பின்னதற்கு ‘நியாயம்’ அல்லது ‘ஏது’. இந்த ஒரு பிரிவினையைச் செய்யாமல் சுதந்திரமான தெரிவு பற்றிய அத்தியாயத்தைத் தொடவே கூடாது.

செந்தூல்_வாசகர்

அக்கா, சொற்பட்டியல் மிகவும் உதவும். நேகல் தமிழில் இல்லாதபோது தமிழ் மட்டும் வாசிக்கும் மூவர் என்ன செய்வது? சுருக்கம் எழுதிக் கொடுத்தால் அவர்கள் மற்றவர்களின் கண்ணால் பார்ப்பதாக ஆகிவிடாதா? சுதந்திரமான தெரிவு பற்றியும் கொஞ்சம் விரித்துச் சொல்லுங்கள், அதில்தான் எங்கள் ஆட்கள் அதிகம் பேசுவார்கள்.

அளவைக்காரன்

இரண்டாவதை முதலில் சொல்கிறேன். நேகலின் உதாரணம் எளிமையானது: உணவு வரிசையில் நிற்கிறீர்கள், பீச் பழமா சாக்லெட் கேக்கா? கேக்கை எடுக்கிறீர்கள். மறுநாள் ‘பழத்தை எடுத்திருக்கலாமே’ என்று தோன்றுகிறது. அந்த ‘எடுத்திருக்கலாம்’ என்பதன் பொருள் என்ன? எல்லாமே அப்படியே இருந்து, அதே கணத்தில், வேறாகச் செய்திருக்க முடியுமா என்பதுதான் கேள்வி.

இங்கே பேச்சு உடனே ‘எல்லாம் தலையெழுத்து’ என்று சறுக்கும். நடத்துபவர் கையில் ஒரு வேறுபாட்டைத் தயாராக வைத்திருக்க வேண்டும். நீ என்ன செய்தாலும் செய்யாவிட்டாலும் இன்னது நடந்தே தீரும் என்பது ஒன்று. உன் செயல் வழியாகத்தான் அது நடக்கும், ஆனால் உன் செயலும் முந்தைய காரணங்களால் தீர்மானமானது என்பது வேறு. நேகல் பேசுவது இரண்டாவதை. தலையெழுத்து என்று சொல்பவர் பெரும்பாலும் முதலாவதைச் சொல்கிறார். நம் வினைக் கொள்கை இந்த இரண்டிலும் நேராக அடங்காது. பிராரத்தம் இப்போது அனுபவிப்பது, ஆகாமியம் இப்போது புதிதாகச் சேர்ப்பது. ஆகாமியம் என்று ஒன்று இருந்தால் புதிதாகச் செய்யும் இடம் எங்கோ இருக்க வேண்டும் அல்லவா? குறளிலும் ‘ஊழிற் பெருவலி யாவுள’ 380. ‘ஊழையும் உப்பக்கம் காண்பர்’ 620. இரண்டையும் தாளில் எழுதி, இவை முரண்படுகின்றனவா என்று கேளுங்கள்.

தமிழ் வாசகர் மூவர் விஷயத்துக்கு என் பதில் மணிமேகலை. முழுக் காப்பியம் வேண்டாம். 30 காதைகளில் 27ஆம் காதை போதும், ‘சமயக்கணக்கர் தம் திறம் கேட்ட காதை’. வஞ்சி நகரில் மணிமேகலை ஆண் தவசி வடிவில் போய் அளவைவாதி தொடங்கி, பூதங்களே எல்லாம் என்னும் பூதவாதி வரை ஒவ்வொருவரிடமும் ‘உன் கொள்கை என்ன?’ என்று கேட்கிறாள். தொடக்கத்திலேயே அளவைகளின், அதாவது அறியும் வழிகளின், எண்ணிக்கை பேசப்படுகிறது: வியாசருக்குப் பத்து, கிருதகோடிக்கு எட்டு, சைமினிக்கு ஆறு. எதை வைத்து அறிகிறோம் என்பதைத் தீர்த்துக்கொண்டுதான் என்ன அறிகிறோம் என்பதற்குப் போகிறார்கள். பொதுவாசகருக்கான அறிமுக நூல் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

கடைசியில் பூதவாதி வருகிறான். கண்கூடு ஒன்றே அளவை, அனுமானம் செல்லாது என்கிறான். மணிமேகலை சிரித்துவிட்டுக் கேட்பது ஒரே கேள்வி: உன் தாய் தந்தையரை அனுமானத்தால் அல்லாமல் வேறு எப்படி அறிந்தாய்? நான்கைந்து அடிதான். நேகலின் ‘எதையாவது நமக்குத் தெரியுமா’ அத்தியாயத்தோடு இதைச் சேர்த்தால் பத்துப் பேரும் ஒரே மேசையில் உட்காரலாம். தமிழ் வாசகர் மூவரும் அன்றைக்கு மற்றவர்களுக்கு விளக்குவார்கள்.

பினாங்கு_வடம்

அளவைக்காரன் அண்ணே, மணிமேகலையை எடுப்பதில் ஒரு தயக்கம். ‘மேலைநாட்டான் சொன்னதை நம் முன்னோர் அப்போதே சொல்லிவிட்டார்கள்’ என்ற பெருமிதத்தில் கூட்டம் கரைந்துவிடும். பெருமிதம் வந்ததும் கேள்வி நின்றுவிடும். இரண்டாவது, 29ஆம் காதையின் அளவையியல் பகுதி வடமொழிக் கலைச்சொல் நெரிசல். தமிழாசிரியருக்கே உரை இல்லாமல் நகராது.

அளவைக்காரன்

தம்பி, பெருமிதத்துக்கு மருந்து அந்த வாதத்தையே சோதிப்பதுதான். மணிமேகலை கேட்டது பூதவாதியை உண்மையில் மடக்குகிறதா? அவன் இரண்டு விதமாகத் தப்பலாம். ஒன்று, ‘தாய் தந்தை யார் என்று நான் அனுமானிக்கவில்லை, பிறர் சொல்லக் கேட்டேன்’ என்று சொல்லலாம். அது அனுமானம் இல்லை, உரை. பௌத்த அளவையியலில் அளவைகள் இரண்டே, கண்கூடும் கருத்தளவும் (அனுமானம்). உரையைத் தனி அளவையாக ஏற்காததால் அதைக் கருத்தளவுக்குள் அடக்க வேண்டியிருக்கிறது. அது அடங்குமா? இன்று மேலை மெய்யியலிலும் சாட்சி வழி அறிவு தனி வகையா, அனுமானத்தில் அடங்குமா என்று விவாதிக்கிறார்கள். இரண்டாவது வழி: ‘அன்றாட உலகத்து அனுமானத்தை ஏற்கிறேன், புகை கண்டு நெருப்பு என்றால் சரி, யாரும் காணாத மறுபிறப்புக்கு அதை நீட்டாதே’ என்று சொல்லலாம். சடவாதம் பேசும் உலகாயத ஆசிரியர் புரந்தரர் பெயரில் இத்தகைய நிலைப்பாடு குறிக்கப்படுகிறது. இந்த இரண்டையும் எழுதி வைத்துவிட்டு ‘இப்போது மணிமேகலை என்ன சொல்வாள்?’ என்று கேட்டால் பெருமிதத்துக்கு நேரம் இருக்காது.

29ஆம் காதையிலிருந்து மூன்று சொல் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்: பக்கம் (நிறுவ வேண்டிய கூற்று), ஏது (அதற்கான நியாயம்), திட்டாந்தம் (எடுத்துக்காட்டு). இந்த மலை நெருப்புடையது, புகையுடைமையால், அடுக்களை போல. உபநயம் (பொருத்திக் காட்டல்), நிகமனம் (முடிவு கூறல்) என்ற மற்ற இரண்டும் திட்டாந்தத்துக்குள்ளேயே அடங்கும் என்று காப்பியமே சொல்கிறது. ஏ4 தாளில் இதே மூன்று தலைப்பைப் போடுங்கள். நேகலையும் இதில் எழுதலாம், நாளிதழ்த் தலையங்கத்தையும் எழுதலாம்.

பிழைகளுக்கு அங்கே நீண்ட அட்டவணை: பக்கப்போலி 9, ஏதுப்போலி 14, திட்டாந்தப்போலி 10. ஏதுப்போலியின் மூன்று தலைப்புகள் மட்டும் போதும். அசித்தம்: நீ காட்டும் ஏதுவே அங்கே இல்லை, பார்த்தது புகையன்று, மூடுபனி. அநைகாந்திகம்: ஏது இரண்டு பக்கமும் ஓடுகிறது, ‘மலையில் நெருப்புண்டு, ஏனெனில் அது பெரியது’ என்பது போல, பெரியதாக இருந்தும் நெருப்பில்லாதவை எத்தனையோ. விருத்தம்: நீ காட்டும் ஏது உன் முடிவுக்கு நேர் எதிரானதைத்தான் நிறுவுகிறது. கூட்டத்தில் ஒருவர் ‘எனக்கு அது சரியாகப் படவில்லை’ என்று சொன்னால், இந்த மூன்றில் எது என்று கேளுங்கள். பதில் சொல்ல முயன்றாலே விவாதம் கூர்மையாகிவிடும்.

ஏடு_புரட்டி

இதோடு அருணந்தி சிவாச்சாரியாரின் சிவஞான சித்தியார் பரபக்கத்தையும் சேர்க்கச் சொல்வார்கள். 14 மதங்களைச் சொல்லி மறுக்கும் நூல். நல்ல நூல்தான், ஆனால் முதல் ஆறு மாதத்துக்கு வேண்டாம். எதிராளியை வெல்வதற்காகவே எதிராளியைச் சொல்லும் நூலில் எதிராளியின் வலு முழுதாகத் தெரியாது. ரஸலின் மேலை மெய்யியல் வரலாற்றுக்கும் இதையே சொல்வேன். 1945இல் வந்த அந்தப் பெரிய நூல் வாசிக்கச் சுவையானது. ஹெகலும் நீட்சேவும் அதில் நியாயமாக நடத்தப்படவில்லை. கவிஞர் பைரனுக்கு ஓர் அத்தியாயம் உண்டு, கீர்க்ககார்டுக்கு இல்லை. ஒரு மரபை அதன் எதிரியிடம் கேட்டு அறிந்தால், அதே மரபின் ஆளிடமும் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.

ரஸலில் உங்களுக்கு வேண்டியது 1912இல் வந்த சின்ன நூல், ‘தி பிராப்ளம்ஸ் ஆஃப் ஃபிலாசஃபி’. 15 அத்தியாயம். வரிசையாகப் போனால் 5ஆம் அத்தியாயத்தில், அறிமுகத்தால் அறிதல், வருணனையால் அறிதல் என்று பிரிக்கும் இடத்தில், பாதிப் பேர் நின்றுவிடுவார்கள். 1, 6, 15 என்று தாவுங்கள். 1இல் மேசை: பார்க்கும் இடத்துக்கு இடம் நிறமும் வடிவமும் மாறுகின்றன என்றால் மேசை என்பது எது? 6இல் கோழி: தினமும் தீனி போட்ட கையே ஒரு நாள் கழுத்தைத் திருகுகிறது. நேற்றுவரை நடந்ததை வைத்து நாளையைச் சொல்வதற்கு என்ன நியாயம் என்பதை அந்தக் கோழியைவிடத் தெளிவாக யாரும் சொன்னதில்லை.

பாயான்_லெப்பாஸ்

மார்க்கஸ் ஆரேலியஸ் பற்றி யாரும் சொல்லவில்லையே. இப்போது அவர் சார்ந்த பண்டைய கிரேக்க, ரோம மரபான ஸ்டோயிக் நூல்கள்தான் கடைகளில் முன்வரிசையில் இருக்கின்றன, ஆகவே உங்கள் ஆட்கள் எப்படியும் கேட்பார்கள்.

‘மெடிடேஷன்ஸ்’ 12 பகுதி. முதல் பகுதியில் தொடங்காதீர்கள். அது குடும்பத்தாருக்கும் ஆசிரியர்களுக்கும் நன்றி சொல்லும் பட்டியல். பெயர்கள் தெரியாதவருக்கு அங்கேயே அலுப்பு வரும். அதைவிட, மார்க்கஸையே இரண்டாவதாக வைத்து, ஸ்டோயிக் ஆசிரியர் எபிக்டெட்டஸின் கையேட்டை முதலில் வாசியுங்கள். அவர் மாணவர் அர்ரியன் தொகுத்தது, ஐம்பதுக்குச் சற்று மேல் சிறு பகுதிகள், இரண்டு அமர்வில் முடியும். மார்க்கஸ் தன் முதல் பகுதியிலேயே எபிக்டெட்டஸின் உரைகளைத் தனக்குத் தந்ததற்காகத் தன் ஆசிரியர் ருஸ்டிகஸுக்கு நன்றி சொல்கிறார். கொள்கை எபிக்டெட்டஸிடம் இருக்கிறது. மார்க்கஸ் அதை ஏற்கெனவே தெரிந்தவராகத் தனக்கு நினைவூட்டிக்கொள்கிறார், அதனால்தான் அவரிடம் திரும்பத் திரும்ப ஒரே விஷயம் வரும்.

கையேட்டின் முதல் பகுதி நம் வசத்தில் உள்ளது, இல்லாதது என்று பிரிக்கிறது. இன்றைய அறிவுரை நூல்கள் இதை எடுத்துக்கொண்டு நேர மேலாண்மைக்கு நகர்ந்துவிடுகின்றன. மூலத்தைப் பாருங்கள்: நம் வசத்தில் இல்லாதவற்றில் உடலும் இருக்கிறது. உடற்பயிற்சி செய்பவர் உடனே மறுப்பார், மறுக்கட்டும், அங்கேதான் ‘வசம்’ என்பதன் பொருள் தெளியும். 3ஆம் பகுதி இன்னும் கடினம். குழந்தையை முத்தமிடும்போது, முத்தமிடுவது இறக்கக்கூடிய ஒரு மனித உயிரை என்று நினைத்துக்கொள் என்கிறது. இதைத் தவிர்த்துவிட்டு ஸ்டோயிக் மெய்யியலைப் பேச முடியாது. அறம் ஒன்றே நன்மை, பிரபஞ்சம் அறிவோடு ஒழுங்குபட்டது என்ற இரண்டு தூண்கள் மீதுதான் இந்த வரி நிற்கிறது. தூண்களை எடுத்துவிட்டு அறிவுரையை மட்டும் வைத்துக்கொள்ளலாமா என்பதே அந்த அமர்வின் கேள்வி. குறளோடு ஒப்பிட விரும்பினால் நிலையாமை 34ஆம் அதிகாரம், அடுத்தது துறவு 35. நிலையாமையை உணர்ந்தவர் அங்கே துறவுக்குப் போகிறார். எபிக்டெட்டஸில் அதே உணர்வோடு தந்தையாகவும் குடிமகனாகவும் தன் பங்கைத் தொடர்ந்து செய்கிறார்.

மேற்கோள் சரிபார்க்க ஒரு வழி. இத்தகைய பழைய நூல்கள் பெரும்பாலானவற்றுக்கு எந்தப் பதிப்பிலும் மாறாத எண் உண்டு. பிளேட்டோவுக்கு 1578ஆம் ஆண்டு ஸ்டெஃபானஸ் பதிப்பின் பக்க எண்: ஆராயாத வாழ்க்கை வாழத் தகாதது என்பது ‘அப்பாலஜி’ 38. அரிஸ்டாட்டிலுக்குப் பெக்கர் பதிப்பின் எண். மார்க்கஸுக்குப் பகுதியும் பத்தியும். எண் இல்லாமல் வரும் மேற்கோளைக் குழுவில் போடாதீர்கள். உண்மையான மேற்கோளுக்கும் இடம் முக்கியம். டெக்கார்ட்டின் ‘சிந்திக்கிறேன், ஆகவே இருக்கிறேன்’ 1637ஆம் ஆண்டு நூலில் வருகிறது. 1641இல் வந்த அவருடைய ‘மெடிடேஷன்ஸ்’ நூலில் (மார்க்கஸின் நூல் அன்று) அவர் எழுதியது ‘நான் இருக்கிறேன்’ மட்டுமே, அங்கே ‘ஆகவே’ இல்லை. அது அனுமானமா, நேரடி உணர்வா என்ற பெரிய விவாதம் அந்த ஒரு சொல்லில் தொங்குகிறது.

கெப்போங்_நிலா

நூல் கிடைப்பது பற்றி. மலேசியச் சட்டத்தில் பதிப்புரிமை பொதுவாக ஆசிரியர் மறைந்த ஆண்டுக்குப் பின் 50 ஆண்டு. ரஸல் மறைந்தது 1970, எனவே 2020 முடிவோடு தீர்ந்தது. பத்துப் பேருக்கும் நகல் எடுக்கலாம். நேகல் நூலை நகல் எடுக்கக் கூடாது, வாங்குங்கள். டியூரண்ட் 1981இல்தான் மறைந்தார், அதுவும் வாங்க வேண்டியதுதான். எபிக்டெட்டஸ் பழையவர் என்பதால் எல்லா மொழிபெயர்ப்பும் இலவசம் என்று நினைக்காதீர்கள், உரிமை மொழிபெயர்ப்பாளருக்கு. மார்க்கஸுக்கு 1862இல் வந்த ஜார்ஜ் லாங் மொழிபெயர்ப்பு இலவசம், ஆனால் வாக்கியங்கள் கனமானவை. ஆங்கிலத்தில் தடுமாறுபவருக்கு 2002இல் வந்த கிரெகரி ஹேய்ஸ் மொழிபெயர்ப்பை வாங்கிக் கொடுங்கள்.

மணிமேகலை மூலம் மதுரைத் திட்டம் என்ற இணைய நூலகத்தில் இருக்கிறது. உரையோடு வேண்டுமானால் தமிழ் இணையக் கல்விக்கழகத் தளம். மூலத்தை மட்டும் அச்சிட்டுக் கொடுத்தால் ஆள் மிரண்டுவிடுவார், உரையோடு சேர்த்து அச்சிடுங்கள். மலாயாப் பல்கலைக்கழக நூலகத்தில் இந்திய ஆய்வியல் துறைக்காகச் சேர்த்த தமிழ் நூல்கள் உண்டு, வெளியாருக்கான அனுமதி முறையை முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். பினாங்கு போகிறவர் யாராவது இருந்தால் சௌராஸ்தா சந்தை மாடியில் பழைய புத்தகக் கடைகளைப் பார்க்கச் சொல்லுங்கள். மெய்யியலுக்குத் தனி அடுக்கு இருக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம், சமயம், சுயமுன்னேற்றம், பாடநூல் என்று எல்லாவற்றிலும் கலந்து கிடக்கும்.

செந்தூல்_வாசகர்

எல்லோருக்கும் நன்றி. 12 அமர்வுக்கு இப்படி வரைந்திருக்கிறேன், பார்த்துச் சொல்லுங்கள். 1: சொற்பட்டியலும் நேகலின் அறிவு அத்தியாயமும். 2: மணிமேகலை 27, பூதவாதி. 3: ரஸல் மேசை. 4: ரஸல் கோழி. 5, 6: உள்ளமும் உடலும், இரண்டு படங்களோடு. 7: சுதந்திரமான தெரிவு. 8: சரியும் தவறும். 9, 10: எபிக்டெட்டஸ். 11: நேகலின் மரண அத்தியாயம். 12: ரஸல் 15. ‘சோஃபியின் உலகம்’ வீட்டு வாசிப்பாக ஓடும். அமர்வை நடத்துபவரே தாளையும் தயாரிக்கலாமா?

அளவைக்காரன்

ஒரு மாற்றம் செய்யுங்கள். பூதவாதியை 2லிருந்து எடுத்து ரஸல் கோழிக்குப் பின் 4ஆவதாக வையுங்கள், மேசையும் கோழியும் ஒவ்வோர் இடம் முன்னால் வரட்டும். அனுமானம் எங்கே இடறும் என்பதைக் கோழியிடம் பார்த்தவர்தான் பூதவாதியின் பக்கத்தில் நின்று பேசத் துணிவார். இல்லாவிட்டால் பத்துப் பேரும் முதல் நிமிடமே மணிமேகலை பக்கம் சேர்ந்துவிடுவார்கள், எதிர்வாதத்துக்கு ஆளே இருக்காது. அன்றைக்கு மூன்று பேரைப் பூதவாதிக்காக வாதாடச் சொல்லி முன்பே நியமித்துவிடுங்கள்.

நடத்துபவரும் தாள் எழுதுபவரும் ஒருவராக இருக்கக் கூடாது. தான் எழுதிய முடிவு வாக்கியத்தை அவர் காப்பாற்றத் தொடங்கிவிடுவார், முதல் 20 நிமிடம் வீணாகும். தாளை மூவர் தனித்தனியாக எழுதட்டும், நடத்துபவர் எதுவும் எழுதாமல் வந்து மூன்றையும் அங்கேயே ஒப்பிடட்டும்.

கெப்போங்_நிலா

அந்த மூவரில் ஒருவர் எப்போதும் தமிழ் மட்டும் வாசிப்பவராக இருக்கட்டும். நேகல் அமர்வுகளுக்கு முந்திய வாரம் அவரோடு இன்னொருவர் உட்கார்ந்து பத்தி பத்தியாக வாய்மொழியில் தமிழில் சொன்னால் போதும், எழுதிய சுருக்கம் தேவையில்லை. அவர் நடுவில் ‘புரியவில்லை’ என்று நிறுத்தும் இடங்களைக் குறித்து வாருங்கள். அமர்வை அந்த இடங்களிலிருந்து தொடங்கலாம்.